ஜாக்கெட்டுத் துணியோடு வருகிறவர்கள்

ஜீவராணிக்கு வந்தது பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைத்து அழகு பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. அவள் வைத்துத்தான் பார்த்தாள். தொழில் ஒழுங்கு என்றாள். சனங்களுடைய நன்மை என்றாள். ஒரு நாள் காலையில் புருஷனிடம், "அந்தப் புள்ள இப்பிடியே போனா நாளைக்கு அவளுக்குத்தாங்க கஷ்டம், அதான் எனக்குக் கவலையா இருக்கு" என்றுகூடச் சொன்னாள். அவர் ரொட்டியைச் சம்பலில் தொட்டுக்கொண்டே, "யாரு, எதுத்தாப்ல இருக்குற பிரேமினியா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அதற்கு அவள் பாத்திரத்தை அடுப்பில் வைத்த வைப்பிலேயே அது கவலையா வேறொன்றா என்று அவருக்குப் புரிந்துபோனது. மீதி ரொட்டியைச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

கொட்டகலை பஜாரில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஜீவராணியின் அறை. 'ஜீவராணி, சமூகப் பணியாளர், உளவளத்துணையாளர்' என்று மூன்று மொழியிலும் எழுதிய நீலப் பலகையை, பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருந்தாள். குடும்பத்தில் கஷ்டம், பிள்ளையால் கவலை, குடியால் சண்டை என்று வருகிறவர்கள் உட்கார்ந்து பேசவும், பேசியதற்கு ஒரு வழி தேடவும் ஏற்பட்ட இடம். உள்ளே எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். மேசையில் கண்ணீர் துடைக்கக் காகிதப் பெட்டி. சுவரில் கடிகாரம். மூலையில் பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரி, அதற்குள் கோப்புகள். வருகிறவர் பேர், தேயிலைத் தோட்டம், டிவிசன், லயத்து வீட்டு இலக்கம் எல்லாம் எழுதி, பத்திரங்களின் போட்டோ கொப்பியும் வாங்கி வைத்துக்கொண்டுதான் பேச்சையே தொடங்குவாள்.

பதினொரு வருடம் ஒரு நிறுவனத்துக்காகத் தோட்டம் தோட்டமாக அலைந்தவள் அவள். வெளிநாட்டு உதவி நின்றதும் நிறுவனம் ஒரு பிரியாவிடைச் சாப்பாட்டைப் போட்டுவிட்டுக் கதவை மூடிக்கொண்டது. திட்டம் முடிந்துவிட்டதாம். லயத்தில் எதுவும் முடியவில்லையே என்று அன்றைக்கு அவள் கேட்டுப் பார்த்தாள். அந்த ஆத்திரத்தில்தான் இந்த அறையைத் திறந்தாள். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், கடை முதலாளிமார் கட்டணம் கொடுத்துப் பேச வருவார்கள். அந்தத் தெம்பில் தோட்டத்துச் சனங்களுக்கு ஒரு சதம் வாங்காமல் பார்க்கலாம். எந்த நன்கொடைக்காரர் கையையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், எவரும் திடீரென்று திட்டம் முடிந்தது என்று சொல்லவும் முடியாது.

நல்ல யோசனைதான். அதில் பாதி நடந்தது. கட்டணம் கொடுக்கிறவர்கள் வாகனத்தில் வந்து இறங்கினார்கள். வாடகைக்குக் குறைவில்லை. யாருக்காகத் திறந்தாளோ அவர்கள் மட்டும் வரவில்லை.

வரவில்லை என்றால்கூடப் பொறுத்திருப்பாள். அவர்கள் பஜாருக்கு வந்தார்கள், அவள் பலகைக்குக் கீழேயே நடந்தார்கள், பிறகு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத்துத் தையல் கடைக்குள் நுழைந்தார்கள்.

அந்தத் தையல் கடை பிரேமினியின் அம்மாவுடையது. பேக்கரிக்கும் பலசரக்குக் கடைக்கும் நடுவே ஒரு ஒடுக்கமான அறை. முன்னால் இரண்டு மெஷின், பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி. பிரேமினி நிறுவனத்தில் ஜீவராணிக்குக் கீழே மூன்று வருடம் வேலை பார்த்தவள். படிவம் நிரப்பச் சொன்னால் பாதியை மறந்துவிடுவாள். அப்படிப்பட்டவள், வேலை போனதும் பலகையும் மாட்டாமல், கட்டணமும் வாங்காமல் அம்மாவின் கடையில் வந்து உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். தைக்கிற கூலியில் அவள் வயிறு நிறைந்தது. பெண்கள் கையில் ஜாக்கெட்டுத் துணியோடு வந்தார்கள், அளவெடுக்கத் திரைக்குப் பின்னால் போனார்கள், அரைமணி முக்கால் மணி கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

ஜீவராணி முட்டாள் இல்லை. இரண்டே வாரத்தில் விசயம் விளங்கிவிட்டது. அவளுடைய மாடிப்படியில் ஒருத்தி ஏறினால் பஜாரே பார்க்கும். மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போதே, அவளுக்கு மண்டை சரியில்லையாம் என்று பேச்சு வந்துவிடும். அதோடு ஜீவராணி பார்ப்பது ஒன்பதிலிருந்து ஐந்து வரை. அந்த நேரத்தில் வர வேண்டுமானால் அன்றைய பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, இழந்துவிட்டுத்தான் வர வேண்டும். தையல் கடை அப்படியில்லை. சாயங்காலம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்தாலும் திறந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். துணியோடு போகிற பெண்ணை யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

விளங்கியதால் வயிற்றெரிச்சல் குறையவில்லை, கூடியது. பதினொரு வருட அனுபவத்தில் தனக்குத் தோன்றாத ஒன்று, படிவம் நிரப்பத் தெரியாத ஒருத்திக்குத் தோன்றிவிட்டதே என்றுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, இன்றைக்கு எத்தனை துணி போகிறது என்று எண்ண ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகூட அதற்காகவே வந்து உட்கார்ந்தாள். ஆறு, ஏழு. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு பதினொன்று.

அதிலும் அந்த ரேடியோ. சும்மா முணுமுணுத்துக்கொண்டிருக்கும் ரேடியோவைப் பிரேமினி திடீரென்று கத்த விடுவாள். பாட்டோ, மரண அறிவித்தலோ, சோப்பு விளம்பரமோ, எதுவானாலும் பஜார் அதிர ஐந்து நிமிசம், பத்து நிமிசம் ஓடும். பிறகு தானாக அடங்கும். ஆள் மனசைத் திறக்க வருகிற இடத்தில் இப்படியா ரேடியோ போடுவது என்று ஜீவராணி ஜன்னலைச் சாத்துவாள். சாத்தின கையோடு மறுபடி திறந்து, யார் வெளியே வருகிறார்கள் என்றும் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பார்த்தபோது வெளியே வந்தது வேலாயி.

வேலாயி அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தின் கீழ் டிவிசனில் கொழுந்து பறிக்கிறவள். ஜீவராணியின் படியேறி வந்த விரல்விட்டு எண்ணக்கூடிய தோட்டத்துப் பெண்களில் ஒருத்தி. இரண்டு தடவை வந்தாள். மகள் கஜனிக்குப் பதினான்கு வயது. புருஷன் வீரய்யா அவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்புவதாகத் தரகரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். வீரய்யா கெட்ட மனிதர் இல்லை. பெரிய வீடு, மூன்று வேளைச் சாப்பாடு, பிள்ளை இந்தக் குளிரிலிருந்தாவது தப்பிக்கும் என்று நம்புகிறவர். வேலாயிக்கு மகள் படிக்க வேண்டும். சண்டை போடாமல், பொலிசுக்குப் போய்ப் புருஷனை அவமானப்படுத்தாமல், கொட்டகலையில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் இடம் வாங்கி, அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச நினைத்தாள். அதுவரை வீட்டில் யாருக்கும் மூச்சுக்கூடத் தெரியக் கூடாது என்று ஜீவராணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கஜனியின் பிறப்புப் பத்திரக் கொப்பியையும் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாம் தடவை வரவில்லை.

இப்போது பச்சைத் துணி ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிர்க்கடையிலிருந்து வெளியே வருகிறாள். வாசலில் நின்று உள்ளே பார்த்து, "வர்றேன் தங்கச்சி" என்கிறாள். ஜீவராணியை அவள் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவாள். அந்தத் தங்கச்சி என்ற சொல் மாடி வரைக்கும் வந்து ஜீவராணியின் காதில் விழுந்தது. அடுத்த ஞாயிறு சிவப்புத் துணி. அதற்கடுத்த ஞாயிறு பூப்போட்ட துணி.

"ஒரு பொம்பளைக்கு எத்தனை ஜாக்கெட்டு?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள் ஜீவராணி.

செவ்வாய்க்கிழமை காலையில் வேலாயியின் கோப்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டு டயகம பஸ்ஸில் ஏறினாள். வந்துபோனவர் இடையில் நின்றுவிட்டால் தேடிப் போய்ப் பார்ப்பது முறைதான் என்று பஸ் முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். முறைதான். ஆனால் அவள் முறைக்காகப் போகவில்லை. பிரேமினியிடம் அப்படி என்ன இருக்கிறது என்று வேலாயி வாயால் கேட்கப் போனாள்.

கீழ் டிவிசனுக்கு ரோட்டிலிருந்து இறங்கி நடக்க வேண்டும். தகரக் கூரை போட்ட பழைய லயம். ஒரு கூரைக்குக் கீழே பன்னிரண்டு குடும்பம். நடுச்சுவர்கள் கூரையைத் தொடாது, அதனால் முதல் வீட்டில் இருமினால் கடைசி வீட்டில் கேட்கும். இதெல்லாம் ஜீவராணிக்குத் தெரியாததா? பிரேமினி நிறுவனத்துக்கு வந்த புதிதில், அவளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததே ஜீவராணிதான்: "லயத்துக்குப் போறப்ப நாம தேடிப் போன ஆள் இல்லேன்னா, குடிக்கத் தண்ணி கேளு. குடிச்சிட்டு, வெலாசம் மாறி வந்துட்டேன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துரு. பேரச் சொல்லாத, விசயத்தச் சொல்லாத."

வேலாயி கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தாள். வாசலில் விறகு காயவைத்துக்கொண்டிருந்தது அவளுடைய மாமியார் அம்மாக்கண்ணு.

"யாருங்க? கவுருமெண்டு குடுக்குற அஸ்வெசும காசு விசயமா?" என்று கேட்டாள் அம்மாக்கண்ணு.

தண்ணீர் கேட்டிருக்கலாம். குடிநீர்க் குடம் வாசலிலேயே இருந்தது, மேலே கவிழ்த்த செம்பும் இருந்தது. ஜீவராணி அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "இல்லீங்கம்மா, நான் கொட்டகலைல இருந்து வர்றேன். வேலாயி என்கிட்ட வந்துக்கிட்டு இருந்தாங்க. இப்ப வர்றதில்ல" என்றாள்.

"ஒங்ககிட்டயா? எதுக்கு?"

"மக விசயமா. இப்ப அந்தத் தையல் கடைக்குத்தான் போறாங்களோ? அங்க என்ன சொல்றாங்கன்னு ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குத் தன் குரலே கேட்டது. அம்மாக்கண்ணுவின் கையிலிருந்த விறகு அப்படியே நின்றது. பக்கத்து வீட்டில் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த சத்தமும் நின்றது.

"தைக்கத்தானே போறதாச் சொன்னா?" என்றாள் அம்மாக்கண்ணு மெதுவாக.

ஜீவராணி ஏதோ மழுப்பினாள், சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன் என்றாள், மழை வரப் போகிறது என்றாள். மேட்டில் ஏறி ரோட்டுக்கு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து, ஒன்றும் ஆகாது, கிழவிக்கு விளங்கியிருக்காது என்று சொல்லிக்கொண்டாள். விளங்கியிருக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

வியாழக்கிழமை காலை அவள் அறையைத் திறந்து கடிகாரத்துக்குக் கீழே தூசி துடைத்துக்கொண்டிருந்தபோது, படிகளில் யாரோ தடதடவென்று ஓடி வந்தார்கள். பிரேமினி. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அறை திறந்து ஒரு வருடத்தில் அவள் இந்தப் படியேறியது இதுதான் முதல் தடவை.

"அக்கா, கஜனியோட பெறப்புப் பத்திரக் கொப்பி ஒங்ககிட்ட இருக்குதாம்ல? ஒடனே குடுங்கக்கா. வீட்ல எல்லாம் தெரிஞ்சு பெரிய சண்டை. நாள் தள்ளுனா புள்ள கைய விட்டுப் போயிரும்னு அவ அப்பா இன்னைக்கே கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. தரகரும் கூட இருக்காராம். ஹட்டன் பஸ்ல ஏறுனதப் பாத்துட்டு வேலாயி அக்கா இப்பத்தான் போன் பண்ணுனாங்க. அந்த பஸ் இந்த வழியாத்தான் வரணும். சிறுவர் பகுதி விஜிதரன் சாரும் ஒரு லேடி பொலிசும் கீழ நிக்கிறாங்க. தரகர் கையில புள்ளைக்குப் பதினெட்டுன்னு ஒரு கடுதாசி இருக்குதாம். நம்ம கையில என்ன இருக்குன்னு சார் கேக்குறாரு. என்கிட்ட ஒண்ணும் இல்ல."

என்கிட்ட ஒண்ணும் இல்ல. ஒரு வருடமாக ஜீவராணி ஜன்னலோரம் உட்கார்ந்து காத்திருந்தது இந்த வாக்கியத்துக்காகத்தான். துடைத்த துணியை நிதானமாக மடித்தாள்.

"கோப்பு என்னை நம்பிக் குடுத்தது பிரேமினி. எழுத்துல சம்மதம் இல்லாம இன்னொருத்தர் கையில தூக்கிக் குடுக்க ஏலாது. இது முறை. நான்தானே ஒனக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

சொல்லும்போது நாக்கில் இனித்தது. கீழே பஸ்ஸுக்குக் காத்திருப்பது ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் காரியம் என்று தெரிந்தும் இனித்தது. மனுசி அப்படித்தான் இருந்தாள், அந்த ஒரு நிமிசம்.

பிரேமினி கோபப்படவில்லை. மூச்சு வாங்க நின்று அவளைப் பார்த்தாள். "லயத்துக்குப் போனா தண்ணி கேட்டுக் குடிச்சிட்டு, வெலாசம் மாறிப் போச்சுன்னு சொல்லிட்டு வரணும்னும் நீங்கதாங்க்கா சொல்லிக் குடுத்தீங்க" என்றாள்.

ஜீவராணி சாவிக்கொத்தை எடுத்தாள். ஐந்து சாவியில் எது அலுமாரிச் சாவி என்று கைக்குத் தெரியவில்லை. மூன்றாவதாகப் போட்டதுதான் திறந்தது. கோப்பை இழுத்துக்கொண்டு பிரேமினிக்கு முன்னால் அவளே படியிறங்கி ஓடினாள்.

பிரதேச செயலகத்தில் சிறுவர் பகுதி உத்தியோகத்தர் விஜிதரன். யாழ்ப்பாணத்தவர், எதற்கும் பதற்றப்படாத மனிதர். கொப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"இந்த ஒரு கடதாசியே காணும். பிள்ளைக்குப் பதினாலு வயது எண்டு தெளிவாக் கிடக்கு. இனி அவர் தன்ர கடிதத்தை வச்சுக்கொண்டு என்ன கதைக்கிறார் எண்டு பாப்பம்."

பஸ் வந்து நின்றதும் அவரும் பெண் பொலிசும் ஏறினார்கள். ஐந்து நிமிசம் பஸ்ஸுக்குள் சிங்களமும் தமிழும் கலந்து சத்தம் போட்டது. முதலில் கஜனி இறங்கினாள். காலில் புதுச் செருப்பு, கையில் துணி வைத்த ஒரு பை. எங்கே நிற்பது என்று தெரியாமல் பைக்குப் பின்னால் நின்றாள். பிறகு தரகரும், அவருக்குப் பின்னால் வீரய்யாவும் இறங்கினார்கள். பஸ் கிளம்பும்போது தரகர் மறுபடி அதில் தொற்றப் பார்த்தார். பெண் பொலிஸ் விடவில்லை.

வீரய்யாவுக்கு யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை. கண்ணில் ஜீவராணி பட்டாள்.

"நீங்கதானே லயத்துக்கு வந்தீங்க?" என்று கத்தினார். "எங்க ஆயிகிட்ட எம் பொண்டாட்டியப் பத்திக் கேட்டது நீங்கதானே? லயமே சிரிக்குது! எனக்குத் தெரியாம என்னென்னமோ பண்றீங்க, அப்பறம் நீங்களே வந்து சொல்றீங்க, நீங்கள்லாம் யாருங்க?"

பேக்கரியில், பலசரக்குக் கடையில், மருந்துக்கடையில் நின்ற எல்லாரும் கேட்டார்கள். ஜீவராணி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவமானம்தான். ஆனால் அந்த அவமானத்துக்கு நடுவிலும் அவள் மனசு ஒரு மூலையில் உட்கார்ந்து ஒன்றை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது: அந்தக் கொப்பி என்னுடைய அலுமாரியில் இருந்தது என்று யாராவது சொல்ல மாட்டார்களா?

அடுத்த பஸ்ஸில் வேலாயி வந்தாள். கொழுந்து மலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. மகளைக் கட்டிக்கொண்டாள். பிறகு பிரேமினியைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லாட்டி எம் புள்ள போயிருக்கும் தங்கச்சி" என்று அழுதாள்.

"நான் இல்லக்கா" என்றாள் பிரேமினி. "அக்கா வச்சிருந்த கொப்பிதான்."

வேலாயி திரும்பி ஜீவராணியைப் பார்த்தாள். கும்பிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"கடுதாசியப் பத்தரமா வச்சிருந்தீங்க மிஸ்" என்றாள். "நான் சொன்னதத்தான் வைக்கல."

விஜிதரன் வீரய்யாவோடு நீண்ட நேரம் பேசினார். விடுதிக் கடிதம் அடுத்த வாரம் வந்தது. தவணை தொடங்கியதும் கஜனி விடுதிக்குப் போய்விட்டாள்; வீரய்யாதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டார் என்று கேள்வி. தரகர் மேல் வழக்கு நடக்கிறது. ஊர்க் கணக்கில் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

ஜீவராணியின் ஜன்னலில் அது முடியவில்லை. அடுத்த ஞாயிறு அவள் பழக்கத்தில் எண்ணினாள். இரண்டு துணி. அதற்கடுத்த ஞாயிறு ஒன்று. அந்த ஒருத்தியும் உண்மையிலேயே தைக்க வந்தவள். இரண்டு நிமிசத்தில் போய்விட்டாள். தையல் கடைக்குப் போவது தைக்க அல்ல என்ற விசயம் கீழ் டிவிசனிலிருந்து மேல் டிவிசனுக்கும், அங்கிருந்து அடுத்த தோட்டத்துக்கும் போயிருந்தது. மாமியார்மார் துணியைக் கையில் வாங்கிப் பார்த்து, "இதைத் தைக்க நீ எதுக்குப் போற, குடு, நான் குடுத்து விடுறேன்" என்கிறார்களாம். மருந்துக்கடைப் பையன் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னான்.

ரேடியோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

எதிர்க்கடை காலியாகக் கிடக்க வேண்டும் என்று ஒரு வருடம் வேண்டிக்கொண்டவளுக்கு, கிடைத்ததும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பெண்கள் இவள் படியேறியும் வரவில்லை. எங்கேயும் போகவில்லை. அவரவர் கஷ்டம் அந்தந்த லயத்துக்குள்ளேயே கிடந்தது. ஜீவராணி ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த ரேடியோ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அலறாதா என்று காத்திருந்தாள். பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது.

மூன்றாவது ஞாயிறு வீட்டு அலுமாரியைக் குடைந்து, யாருடையவோ கலியாணத்தில் வைத்துக் கொடுத்த மஞ்சள் ஜாக்கெட்டுத் துணி ஒன்றை எடுத்தாள். அதை எல்லாரும் பார்க்கிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டு பஜார் ரோட்டைக் கடந்தாள்.

"தைக்கவா மிஸ்?" என்றார் பேக்கரிக்காரர்.

"ஆமாங்க."

அவ்வளவுதான். வேறு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை சுலபமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது.

பிரேமினி மெஷினை நிறுத்தினாள். துணியைப் பார்த்தாள், ஜீவராணியைப் பார்த்தாள். "அளவு ஜாக்கெட்டு கொண்டு வந்தீங்களா?"

"இல்ல."

"அப்ப உள்ள வாங்கக்கா. அளந்துருவோம்."

திரைக்குப் பின்னால் முக்காலி, சுவரில் ஒரு அலமாரித் தட்டு, தட்டில் அந்த ரேடியோ, அளவு எழுதுகிற ஒரு பழைய கொப்பி, பென்சில். கடிகாரம் இல்லை. பிரேமினி கையைத் தூக்கச் சொன்னாள். நாடாவைச் சுற்றினாள். எண்ணைக் கொப்பியில் எழுதினாள். முகத்தைப் பார்க்கவே இல்லை. நாடாவையும் தோளையும் கையையும்தான் பார்த்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு பேச வேண்டும் என்றுதான் ஜீவராணி படித்தாள், அப்படித்தான் சொல்லியும் கொடுத்தாள். யாரும் பார்க்காமல் இருந்தால் வாய் எவ்வளவு லேசாகிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

"கை எவ்வளவு எறக்கம் வேணும்?"

"எனக்கு ஒன்மேல பொறாமை பிரேமினி" என்றாள் ஜீவராணி.

நாடா ஒரு கணம் நின்றது. பிறகு முழங்கை வரைக்கும் இறங்கியது.

"எப்பருந்துங்க்கா?"

"நீ கடையில வந்து ஒக்காந்த அன்னைலருந்து. அதுக்கு முன்னாடியே இருந்துச்சோ என்னமோ. நிறுவனத்துல இருக்கிறப்பவே சனம் ஒன்னத்தான் தேடும். நான் நல்லா எழுதி வச்சிருப்பேன், அவங்க ஒன்கிட்டத்தான் பேசுவாங்க." அவள் மஞ்சள் துணியைச் சுருட்டிப் பிடித்தாள். "அந்தச் செவ்வாக்கெழம நான் அந்தப் புள்ளைக்காகப் போகல. ஒனக்காகத்தான் போனேன். தண்ணிக் கொடம் வாசல்லயே இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் கேட்டேன். ஒன்கிட்ட வந்துக்கிட்டு இருந்த பொம்பளைங்க எல்லாத்தையும் நான்தான்..."

பதினொரு வருடமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் அடுத்தவர்களுக்குக் காகிதப் பெட்டியை நீட்டியவள், இப்போது மஞ்சள் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு விக்கினாள். அழுகை வாய்விட்டு வந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பேக்கரியில் பாண் தட்டுகளை அடுக்குகிற சத்தம் கிட்டத்தில் கேட்டது. அங்கே கேட்பது இங்கே கேட்டால், இங்கே அழுவது அங்கே கேட்காதா என்று அவள் பயந்துபோனாள்.

பிரேமினி திரும்பிக்கூடப் பார்க்காமல், பென்சில் பிடித்த கையை நீட்டி ரேடியோவைத் திருகினாள்.

சோப்பு விளம்பரம் பஜார் அதிர அலறியது. சுவர், பேக்கரி, ரோடு எல்லாம் அதற்குள் மறைந்துபோயின.

ஒரு வருடமாகத் தான் எதிர் மாடியில் ஜன்னலைச் சாத்தியது எந்தச் சத்தத்தைக் கேட்டு என்று அப்போதுதான் ஜீவராணிக்கு விளங்கியது. அவள் எரிச்சலோடு கேட்ட ஒவ்வொரு தடவையும், இந்த முக்காலியில் ஒருத்தி வாய்விட்டு அழுதிருக்கிறாள். அதை ஒரு ஆளும் கேட்கவில்லை.

பிரேமினி நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

"இன்னும் கொஞ்சம் கூட்டி வை" என்றாள் ஜீவராணி.